விலையடுக்கு: விமானக் கட்டணத்தின் ஏற்ற இறக்கத்துக்கு ஒரு கலைச்சொல்

புதுச்சேரியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

தேவைக்கேற்ப விலை மாறும் முறையான 'டைனமிக் பிரைசிங்' என்பதற்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் நம் மடலாடலில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: இயங்குவிலை, மாறுவிலை, ஏலவிலை. இலக்கணப்படி மூன்றிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விமானக் கட்டணம் பற்றிய கட்டுரையில் இவற்றில் எதைப் போட்டாலும் வாசகர் தவறாகவே புரிந்துகொள்வார் என்று அஞ்சுகிறேன். யாரோ ஒருவர் உட்கார்ந்து, காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை என்று எண்ணை மாற்றிக்கொண்டே இருக்கிறார் என்ற எண்ணம் மனத்தில் விழுந்துவிடும். இப்போதே பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். கலைச்சொல்லும் அந்த நம்பிக்கைக்குத் துணைபோகக் கூடாது.

நான் புதுச்சேரியில் பயணச்சீட்டு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். இலாசுப்பேட்டை விமான நிலையத்தில் சிறிய விமானங்கள்தாம் இறங்க முடியும் என்பதால், கடல் கடந்து போகிறவர்களில் பெரும்பாலோருக்குச் சென்னைதான் வாசல். எங்களிடம் வருகிறவர்களில் பாரிசுக்குச் சீட்டுக் கேட்பவர்கள் மிகுதி. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நேற்று நாற்பதாயிரம் என்றீர்கள், இன்று ஐம்பதாயிரம் என்கிறீர்களே, ஒரே இரவில் என்ன நடந்தது?"

என்ன நடந்தது என்பது எங்கள் திரையில் தெரியும். ஒரே விமானம், ஒரே சாதாரண வகுப்பு, ஒரே அகல இருக்கை, ஒரே சாப்பாடு. ஆனால் முன்பதிவுக் கணினி அந்த ஒரு வகுப்பைப் பல கூறுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு கூறுக்கும் ஓர் ஆங்கில எழுத்து. ஒய் என்றால் பெரும்பாலும் முழுக் கட்டணம். அதற்குக் கீழே பி, எம், கே, எல் என்று இறங்கிக்கொண்டே போகும். எழுத்துகளின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இறங்க இறங்க விலை குறையும், கட்டுப்பாடு கூடும்: சீட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது, தேதியை மாற்றினால் அபராதம். ஒரு தேதியைத் தட்டினால் 'ஒய்9 பி9 எம்4 கே2 எல்0' என்று ஒரு வரி வரும். 9 என்றால் ஒன்பதோ அதற்கு மேலோ இருக்கிறது என்று பொருள். அதற்கு மேல் எண்ணைக் காட்டாது. எல்0 என்றால் மலிவான கூறு மூடிவிட்டது. நேற்று அது எல்3 ஆக இருந்திருக்கலாம். எல் எழுத்துக்கு உரிய விலை நேற்றும் இன்றும் அதேதான். அந்த விலைக்கு விற்க இருக்கை இல்லை, அவ்வளவுதான்.

இது தெரிந்தால் பல புதிர்கள் அவிழும். கே2 என்று இருக்கும்போது தாய், தந்தை, பிள்ளைகள் இருவர் என நான்கு சீட்டை ஒன்றாகக் கேட்டால், கணினி பொதுவாக நால்வரையும் எம் விலைக்கு ஏற்றிவிடும். இருவர் இருவராகப் பதிந்தால் முதல் இருவருக்காவது கே விலை கிடைக்கும். (பிரித்துப் பதிவதில் ஓர் ஆபத்தும் உண்டு: விமானம் ரத்தானால் இரண்டு பதிவுகளுக்கும் மாற்று ஏற்பாடு ஒன்றாகவே நடக்கும் என்று உறுதி இல்லை. சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் இதைச் சொல்லித் தருவதில்லை.) ஏறிய விலை இறங்குவதற்கும் இதே விளக்கம்தான். ஒரு முகவர் பத்துச் சீட்டைப் பிடித்து வைத்திருப்பார். பணம் கட்ட ஒரு கெடு இருக்கும். கெடு தாண்டினால் பத்தும் கணினிக்குத் திரும்பும். மூடியிருந்த எல் மறுபடியும் திறக்கும். கைப்பேசியில் அடிக்கடி தேடியதால்தான் விலையை ஏற்றிவிட்டார்கள் என்று வருந்துகிறவர்களிடம் இதைத்தான் பொறுமையாக விளக்குகிறேன்.

விலைப்பட்டியலே திருத்தப்படுவதும் உண்டு. போட்டி நிறுவனம் குறைத்தால் இவர்களும் குறைப்பார்கள். புதிய பட்டியல் ஒரே நாளில் பலமுறைகூட வெளியாகும். எரிபொருள் விலை ஏறினால் அடிப்படைக் கட்டணத்தைத் தொடாமல், நிறுவனம் தனியாக விதிக்கும் கூடுதல் கட்டணத்தை ஏற்றுவார்கள். இவையெல்லாம் உண்மை. ஆனாலும் நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவே வாடிக்கையாளர் காணும் வேறுபாடு, பெரும்பாலும் ஒரு கூறு மூடியதால் வருவது.

இந்தக் கூறுக்கு ஆங்கிலத்தில் 'ஃபேர் பக்கெட்' என்று பெயர். இதற்கு 'விலையடுக்கு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். முதலில் இதற்குப் பெயர் வைப்போம். இது அமைந்துவிட்டால் மற்றவை இதிலிருந்தே கிளைக்கும். 'கட்டண வகுப்பு' என்றால் முதல் வகுப்பு, வணிக வகுப்பு என்பவற்றோடு குழம்பும். அடுக்கு என்றால் ஒன்றன்மேல் ஒன்று என்ற ஒழுங்கு சொல்லிலேயே இருக்கிறது. வினைகளும் இயல்பாக வந்து சேர்கின்றன: அடுக்கு திறந்தது, அடுக்கு மூடியது, மேலடுக்குக்கு ஏறியது.

ஏலவிலையை முன்வைத்த நண்பருக்கு ஒரு சொல். கடலூர் துறைமுகத்தில் மீன் ஏலம் போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். விற்காத மீன் கெட்டுவிடும். விமானம் மேலெழும்பிய பிறகு காலி இருக்கைக்கும் மதிப்பில்லை. ஒற்றுமை அவ்வளவோடு முடிந்துவிடுகிறது. வெயில் ஏற ஏற மீன் விலை இறங்கும். விமானத்தில் புறப்படும் நாள் நெருங்க நெருங்கப் பெரும்பாலும் விலை ஏறும், இருக்கை காலியாகவே இருந்தாலும். கடைசி வாரத்தில் வருகிறவர் யார்? வேலைக்குச் சேர நாள் குறிக்கப்பட்டவர், வீட்டில் இழவு விழுந்தவர், அலுவலகம் பணம் கட்டும் அதிகாரி. விலை எவ்வளவு என்றாலும் போயாக வேண்டியவர்கள். அவர்களுக்காகத்தான் இருக்கை ஒதுக்கி வைக்கப்படுகிறது. ஏலத்தில் இப்படி ஒதுக்கி வைக்கும் வேலையே இல்லை. இழவுக்குப் போகிறவரிடம் அதிகம் வாங்குவது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பதே என் பதில். ஆனால் நடப்பதைத் தெளிவாகச் சொல்ல ஒரு சொல் இருந்தால்தான் நியாயத்தைப் பற்றிக் கேட்கவும் முடியும்.

எத்தனை இருக்கையை ஒதுக்குவது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1972இல் பிரிட்டனின் பிஓஏசி விமான நிறுவனத்தில் பணியாற்றிய கென் லிட்டில்வுட் அதை வகுத்தார். கடைசி இருக்கையை ஒருவர் இன்று 30,000 ரூபாய்க்குக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிறகு ஒருவர் 60,000 தரக்கூடும். அவர் வருவதற்கான வாய்ப்பு பாதிக்கு மேல் என்றால், இன்று கேட்பவருக்கு இல்லை என்று சொல்லிவிடுவது நிறுவனத்துக்கு லாபம். பாதிக்குக் கீழ் என்றால் கொடுத்துவிடலாம். இன்றுள்ள பெரிய கணினி முறைகளுக்கெல்லாம் அடியில் இந்த எளிய ஒப்பீடுதான் இருக்கிறது. அப்படி ஒதுக்கப்படும் இடத்தைக் 'காப்பிருக்கை' என்று சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் 1978இல் கட்டணக் கட்டுப்பாட்டை அரசு நீக்கியதும் இந்தக் கணக்கு பெரும் ஆயுதமாயிற்று. பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற மலிவு நிறுவனம் எல்லா இருக்கைகளையும் குறைந்த விலைக்கு விற்றது. 1985இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதற்கு ஈடான விலையைச் சில இருக்கைகளுக்கு மட்டும், முன்கூட்டியே வாங்குகிறவர்களுக்கு மட்டும் தந்தது. மீதியைப் பழைய விலைக்கே விற்றது. 1987க்குள் பீப்பிள் எக்ஸ்பிரஸ் தனி நிறுவனமாக இல்லாமல் போயிற்று. இந்த முறைக்கு 'யீல்டு மேனேஜ்மென்ட்' என்று பெயர். இதை 'விளைச்சல் மேலாண்மை' என்று எழுதாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இங்கே யீல்டு என்பது ஒரு பயணி ஒரு மைல் பறப்பதில் கிடைக்கும் வருவாய். 'இருக்கை வருவாய் மேலாண்மை' போதும்.

நெடுந்தொலைவுத் தடங்களுக்கு வருகிறேன். இவற்றில் ஏற்ற இறக்கம் கூடுதலாக இருப்பதற்கு முக்கியக் காரணம் இணைப்பு விமானம். சென்னையிலிருந்து தோஹா வழியாகப் பாரிசுக்குப் போகிறவருக்கு இரண்டு விமானங்களில் இடம் வேண்டும். சென்னை–தோஹா விமானத்தில் அதே இருக்கையைப் பரங்கிப்பேட்டையிலிருந்தோ லால்பேட்டையிலிருந்தோ வளைகுடா வேலைக்குப் போகிறவரும் கேட்கிறார். தோஹா–பாரிஸ் விமானத்தில் அதே இருக்கையைக் கொழும்பிலிருந்தும் டாக்காவிலிருந்தும் வருகிறவர்கள் கேட்கிறார்கள். கணினி இவர்கள் எல்லோரையும் ஒரே தராசில் வைக்கிறது. விடுமுறை முடிந்து வளைகுடாவுக்குத் திரும்பும் கூட்டம் மிகுந்த வாரத்தில், பாரிசுக்கு யாருமே கேட்காவிட்டாலும், பாரிஸ் சீட்டின் கீழடுக்குகள் மூடிவிடும். நம்மூர்க்காரர் பாரிசில் என்ன விழா என்று யோசித்துக்கொண்டிருப்பார். காரணம் வழியில் இருக்கிறது. அந்த இருக்கையை இதற்குக் குறைந்து விற்கலாகாது என்று கணினி போடும் எல்லையை ஆங்கிலத்தில் 'பிட் பிரைஸ்' என்கிறார்கள். 'ஏற்புவிலை' என்று சொல்லலாமா?

திசையும் கவனிக்கத் தக்கது. பிரான்சில் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்ட். ஜூலைத் தொடக்கத்தில் பாரிசிலிருந்து சென்னைக்கு வரும் விலை உச்சத்தில் இருக்கும். செப்டம்பர் தொடக்கத்தில் பள்ளி திறப்பதால் ஆகஸ்டு கடைசியில் சென்னையிலிருந்து திரும்பும் விலை உச்சத்தில் இருக்கும். அதே வாரத்தில் எதிர்த்திசையில் கீழடுக்கு திறந்து கிடக்கும். போகவர ஒன்றாக வாங்கும் சீட்டு, ஒருவழிச் சீட்டின் இரட்டிப்பைவிட மிகவும் குறைவாக இருப்பதும் இத்தகைய தடங்களில் வழக்கம். வான்வழி மூடல் இன்னொரு காரணம்: 2022 முதல் ரஷ்ய வான்வழி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடியிருக்கிறது, 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்வழி இந்திய விமானங்களுக்கு மூடியது. சுற்றிப் போனால் எரிபொருளும் நேரமும் கூடும். விற்க இருக்கும் விமானங்களும் குறையும்.

விலையடுக்கு, காப்பிருக்கை, ஏற்புவிலை: இம்மூன்றையும் பற்றி உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

கடலூரிலிருந்து:

ஐயா, வணக்கம். பொருள் நன்றாக விளங்கிற்று. பள்ளியில் மாணவர்களுக்கும் வாசித்துக் காட்டினேன். சொல்லில் எனக்கு இரண்டு தடைகள். முதலாவது, கணக்குப் பாடத்தில் அடுக்கு என்றால் வேறு: இரண்டின் அடுக்கு மூன்று என்றால் எட்டு. அடுக்குக்குறி விதிகளை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். 'விலைப்படி' என்று வைத்தால் ஏறுவதும் இறங்குவதும் அதிலேயே இருக்கிறதே? இரண்டாவது, இப்போது சில நிறுவனங்கள் எழுத்து அடுக்கையே கைவிட்டு, கேட்கும் நொடியில் ஒரு விலையைக் கணக்கிட்டுச் சொல்வதாகப் படித்தேன். அப்படியானால் தங்கள் சொல் சில ஆண்டுகளில் காலாவதியாகிவிடாதா?

புதுச்சேரியிலிருந்து:

அம்மா, வணக்கம். மாணவர்களுக்கு வாசித்துக் காட்டியதற்கு மிக்க நன்றி.

படி நல்ல சொல்தான். ஆனால் அரசு ஊழியர் இருக்கும் எந்த வீட்டிலும் 'விலைப்படி' என்றால் அகவிலைப்படிதான் காதில் விழும். பயணத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் பயணப்படியும் சேர்ந்துகொள்ளும். பயணச்சீட்டு, பயணப்படி, விலைப்படி மூன்றும் ஒரே பத்தியில் வந்தால் எது செலவு, எது வரவு என்றே தெரியாது. கணக்கு அடுக்கு அவ்வளவு தொல்லை தராது. வளிமண்டல அடுக்கு என்று படிக்கும்போது எந்த மாணவரும் பெருக்கிப் பார்ப்பதில்லை.

இரண்டாவது தடை கனமானது. தாங்கள் படித்தது சரி. விமான நிறுவனங்கள் தங்கள் தளத்திலேயே விற்கும்போது இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் உள்ள ஒரு விலையைக் கணக்கிட்டுத் தரும் முறை பரவி வருகிறது. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் 2012இல் முன்வைத்த புதிய விற்பனைத் தரமும் அதற்கு வழிசெய்கிறது. அங்கே விலையே உண்மையில் மாறுகிறது. ஆகவே மாறுவிலை என்ற சொல்லை அந்த முறைக்கே உரியதாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு முறைகள், இரண்டு சொற்கள். ஒரே சொல்லுக்குள் இரண்டையும் அடைத்தால், நாளை இவற்றை ஒப்பிட்டு எழுத வருகிறவர் தவித்துப்போவார்.

விலையடுக்கு என்ற சொல்லுக்கு விமானத்துக்கு வெளியிலும் வேலை இருக்கிறது. 2016 செப்டம்பரில் ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களில் கொண்டுவந்த கட்டண முறையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து விழுக்காடு இடங்கள் விற்கும்தோறும் அடிப்படைக் கட்டணம் பத்து விழுக்காடு ஏறும். ஓர் உச்சவரம்பும் உண்டு. செய்தித்தாள்கள் அதை 'ஃபிளெக்ஸி கட்டணம்' என்றே எழுதின. அதுவும் அடுக்குதான்; பயணிக்கு எல்லா அடுக்கின் விலையும் முன்பே தெரியும் என்பது மட்டும் வேறுபாடு. 'வெளிப்படை அடுக்கு' என்று அதைப் பிரித்துக் காட்டலாம்.

இன்னும் ஒன்று மீதி இருக்கிறது. பிடித்து வைத்த சீட்டுக்குப் பணம் கட்ட வேண்டிய நேர எல்லையை எங்கள் அலுவலகத்தில் 'டைம் லிமிட்' என்றே சொல்கிறோம். வாடிக்கையாளரிடம் கெடு என்றால் உடனே விளங்குகிறது. 'பதிவுக்கெடு' என்று எழுதினால், பதிவு கெட்டுவிடும் என்று யாரும் படித்துவிடுவார்களோ என்ற ஐயம் மட்டும் எனக்கு இருக்கிறது. தங்கள் மாணவர்களிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?

அன்புடன்.