புதிய மனைப்பிரிவுச் சாலை: தார் போடும் முன் நகராட்சி ஆய்வில் எதைப் பார்க்க வேண்டும்?

இளம்பொறியாளர்:
எங்கள் நகராட்சி எல்லையில் 4 ஏக்கர் லேஅவுட். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) தொழில்நுட்ப அனுமதி வந்துவிட்டது. சாலைகளையும் பூங்கா இடத்தையும் நகராட்சிக்குத் தானப் பத்திரமாகப் பதிவது பாக்கி. மொத்தச் சாலை நீளம் 450 மீட்டர், தார் அகலம் 3.75 மீட்டர். மதிப்பீட்டில் அடியில் 150 மி.மீ. ஜிஎஸ்பி (நீர் வடியும் சரளை அடுக்கு), அதன்மேல் 150 மி.மீ. வெட் மிக்ஸ் (தண்ணீர் சேர்த்துக் கலந்த ஜல்லி-தூள் அடுக்கு), மேலே 20 மி.மீ. ஓஜிபிசி (தார் கலந்த சிறு ஜல்லி), அதை மூடும் சீல் கோட். வெட் மிக்ஸ் முடிந்தது, திங்கட்கிழமை தார் போடுகிறோம், பார்த்துவிட்டுச் சான்று கொடுங்கள் என்கிறார்கள். கரிசல் கலந்த களிமண் பூமி. அடியில் போட்டபோது எங்கள் தரப்பில் யாரும் பார்க்கவில்லை. இப்போது எதில் தொடங்குவது?

லெவல்பட்டை:
தம்பி, முதலில் தாரை நிறுத்தச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். 20 மி.மீ. தார் மூடிய பிறகு கீழே என்ன இருந்தாலும் புது ரோடாகத்தான் தெரியும். பத்திரம் பதிந்தபின் அந்த ரோடு நகராட்சியின் செலவுக் கணக்கில் வந்து உட்கார்ந்துவிடும்.

அடுத்து குழி. 100 மீட்டருக்கு ஒன்று, இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று மாற்றி மாற்றி, 30 செ.மீ. சதுரத்தில் களிமண் தெரியும்வரை தோண்டுங்கள். இடத்தை நீங்களே குறியுங்கள், ஒப்பந்தக்காரர் காட்டும் இடத்தில் வேண்டாம். பக்கச் சுவர் செங்குத்தாக இருக்கட்டும். மேலே மட்டப்பலகை வைத்து அளங்கள். நடுவில் 150 இருந்து ஓரத்தில் 90 இருப்பதுதான் அடிக்கடி கிடைக்கும் குறை.

வெட் மிக்ஸிலிருந்து கொஞ்சம் பொடியைச் சலித்து, ஈரமாக்கி உள்ளங்கையில் உருட்டுங்கள். பிளாஸ்டிசிட்டி எண் (களிமண் தன்மையின் அளவு) 6-ஐத் தாண்டக்கூடாது. சரியான குவாரித்தூள் திரியாக உருளாமல் உதிர்ந்துவிடும். 3 மி.மீ. திரியாகச் சுலபமாக வந்தால் கிராவலோ மண்ணோ கலந்திருக்கிறது என்று சந்தேகப்பட்டு லேபுக்கு அனுப்புங்கள். ஜல்லியையும் தூளையும் தரையில் கொட்டி ஜேசிபியால் புரட்டிப் போடுவது வெட் மிக்ஸ் ஆகாது. பக் மில்லில் (கலவை எந்திரத்தில்) தண்ணீர் அளவோடு கலந்து வர வேண்டும். குழியில் ஒரு பக்கம் வெறும் ஜல்லி, இன்னொரு பக்கம் வெறும் தூள் என்று தெரிந்தால் புரட்டல் வேலைதான்.

களிமண்ணில் இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஓரத்தில் தோளையும் (தாருக்கு வெளியே உள்ள மண் பகுதி) வெட்டிப் பாருங்கள். 3.75 மீட்டருக்கு மட்டும் பெட்டி போல வெட்டி ஜிஎஸ்பி நிரப்பியிருந்தால், நாலு பக்கமும் களிமண் அடைத்த தொட்டி அது. மழைநீர் உள்ளே தேங்கிக் களிமண் ஊறும். மனை விற்றதும் மணல், ஜல்லி, செங்கல் லாரிகள் ஏறும். வீடு கட்டும் காலத்தில்தான் லேஅவுட் ரோட்டுக்கு அதிகப் பாரம். முதல் மழைக்காலத்திலேயே சக்கரத் தடம் பள்ளமாகிவிடும். ஜிஎஸ்பி தோளுக்கு அடியிலும் நீண்டு வடிகால் பக்கம் திறந்திருக்க வேண்டும்.

குழி எடுப்பதற்கு முன் லோடு ஏற்றிய டிப்பரை நடை வேகத்தில் ஓட்டச் சொல்லிப் பின்சக்கரத்தோடு கூடவே நடங்கள். தரை அமுங்கி எழும் இடங்களைச் சுண்ணாம்பால் குறித்து, அங்கே கட்டாயம் ஒரு குழி.

மண்லேப்:
சார் சொன்னதோடு வெட் மிக்ஸின் அடர்த்தியும் எடுங்கள். ஒவ்வொரு தெருவிலும் குறைந்தது மூன்று இடத்தில், மணல் மாற்று முறையில் (தோண்டிய குழியை அடர்த்தி தெரிந்த மணலால் நிரப்பிக் கன அளவு காண்பது). வெட் மிக்ஸுக்கு மணல் ஊற்றும் சின்ன சிலிண்டர் ஆகாது. கல் பெரிது, 200 மி.மீ. விட்டம் உள்ளதைக் கேளுங்கள். மணல் ஈரம் பட்டிருந்தால் கணக்கே தப்பு, அன்றைய மணலுக்கு அன்றே அளவுத்திருத்தம் செய்ய வேண்டும்.

உதாரணக் கணக்கு: குழியை நிரப்பிய மணல் 6.815 கிலோ, மணல் அடர்த்தி கன செ.மீ.க்கு 1.45 கிராம் என்றால் குழியின் கன அளவு 4700 கன செ.மீ. தோண்டி எடுத்தது 10.2 கிலோ, ஈர அடர்த்தி 2.17. ஈரப்பதம் 4% என்றால் உலர் அடர்த்தி 2.087. லேபில் அதே கலவையைக் கெட்டித்துக் கண்ட உச்ச அடர்த்தி 2.25 என்றால், தளத்தில் இருப்பது அதில் 92.7% தான். வேண்டியது 98%. இது தேறாது: கிளறி, தண்ணீர் சேர்த்து, வைப்ரேட்டரி ரோலரை ஓரத்திலிருந்து நடுவுக்கு மறுபடி ஓட்ட வேண்டும்.

தாருக்கும் கணக்கு இருக்கிறது. 450 × 3.75 = 1687.5 ச.மீ. ஓஜிபிசிக்கு 10 ச.மீ.க்கு 14.6 கிலோ, பி வகை சீல் கோட்டுக்கு 6.8 கிலோ. மொத்தம் சுமார் 3.6 டன், டேக் கோட் (அடுக்கு ஒட்டுவதற்காகத் தெளிக்கும் தார்) தனி. கொள்முதல் பில்லை வாங்கிப் பாருங்கள்; 2 டன்னுக்குத்தான் பில் இருக்கிறது என்றால் மேலே பேச ஒன்றுமில்லை. போடும் நாளில் தெர்மாமீட்டர் கையில் இருக்கட்டும்: விஜி-30 வகைத் தார் என்றால் விரிக்கும்போது 140 டிகிரிக்குக் குறையக்கூடாது, 90 டிகிரிக்குள் இறங்குவதற்கு முன் ரோலிங் முடிய வேண்டும்.

வாய்க்கால்கரை:
தண்ணீர் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். 2.5% கேம்பர் (நடுவிலிருந்து ஓரத்துக்குச் சரிவு) என்றால் 3.75 மீட்டருக்கு நடுவும் ஓரமும் 47 மி.மீ. வித்தியாசப்பட வேண்டும். அதை இப்போதே வெட் மிக்ஸ் மேல் அளங்கள். 20 மி.மீ. தாரில் கேம்பர் கொண்டுவரவே முடியாது. வடிகாலின் அடிமட்டத்தை 10 மீட்டருக்கு ஒருமுறை டம்பி லெவலில் (மட்டம் பார்க்கும் கருவி) எடுத்து, கடைசியில் எங்கே சேர்கிறது என்று நடந்துபோய்ப் பாருங்கள். பல லேஅவுட்டில் எல்லைக்கல்லோடு வடிகால் நின்றுவிடும். புலப்படத்தில் (நில அளவை வரைபடம்) வாய்க்கால் காட்டியிருந்தால் அது தரையிலும் இருக்கிறதா?

குடிநீர், பாதாளச் சாக்கடை, மின்கேபிளுக்கு ரோட்டைக் கடக்கும் பிவிசி குழாய் இப்போதே பதித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் புது ரோட்டை வெட்டுவார். ஏற்கெனவே குழாய் பதித்த பள்ளங்களை 150 மி.மீ. அடுக்காகக் கெட்டித்தார்களா என்பது டிப்பர் ஓட்டத்திலேயே தெரிந்துவிடும்.

சாலை அகலத்தைத் தாரில் அளக்காதீர்கள். எல்லைக்கல்லுக்கு எல்லைக்கல் அளங்கள். பத்திரத்தில் வருவது அந்த அகலம்.

இளம்பொறியாளர்:
நன்றி சார். குவாரியும் லேபும் கொடுத்த சான்றுகள் இருக்கின்றன, அதுவே போதாதா என்று கேட்கிறார்கள்.

மண்லேப்:
போதாது. அந்தச் சான்று அனுப்பிவைத்த மாதிரிக்கு. தரையில் கிடப்பது அதுவா, எவ்வளவு கெட்டித்திருக்கிறது என்பதைக் குழிதான் சொல்லும். உச்ச அடர்த்தியைக்கூடத் தளத்தில் நீங்கள் எடுத்த மாதிரியில் மறுபடி பார்ப்பது நல்லது.

லெவல்பட்டை:
குழி அளவுகள், அடர்த்தி, லெவல் எல்லாவற்றையும் இடம் குறித்துப் படத்தோடு கோப்பில் ஏற்றி, ஒப்பந்தக்காரரின் கையெழுத்தும் வாங்குங்கள். நாளை மனை வாங்கியவர்கள் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் 14(3) பிரிவில் ஐந்தாண்டுக்குள் குறை சொல்லிப் போனால், அவர்களுக்கும் உதவக்கூடிய ஆதாரம் அது. தோண்டிய குழிகளை அதே வெட் மிக்ஸால் இரண்டு அடுக்காகக் கெட்டித்து மூடியதைப் பார்த்த பிறகே பிரைம் கோட்டுக்கு (வெட் மிக்ஸ் மேல் முதலில் தெளிக்கும் தார்) அனுமதி கொடுங்கள்.