மறு: நோய்ப்போக்குக்கும் மருந்து கேட்பதற்கும் ஒரே சொல்லா?

(மாட்டுங்கா, செவ்வாய் இரவு)

குழுவினருக்கு வணக்கம்.

கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்காக மும்பையில் பரேல் பக்கம் அறை எடுத்துத் தங்கி வைத்தியம் பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கானது. திசுப் பரிசோதனை அறிக்கையை விளக்கும் பக்கம் மட்டும் பாக்கி.

போன வாரம் தாராவியிலிருந்து ஓர் அக்கா கணவரின் அறிக்கையோடு வந்தார். எம்.எல்.எச்.1 என்ற வரிக்கு எதிரே ‘வெளிப்பாடு இழப்பு’ என்று யாரோ பென்சிலால் எழுதிக் கொடுத்திருந்தார்கள். “இழப்புன்னா எல்லாம் போச்சுன்னுதானே தம்பி?” என்று கேட்டார். அந்தப் பென்சில் எழுத்தின் மேல் விரலை வைத்தபடியே இருந்தார்.

போகவில்லை. டி.என்.ஏ. நகலெடுக்கும்போது விழும் பிழைகளைத் திருத்தும் புரதங்களில் எம்.எல்.எச்.1 ஒன்று. அது இல்லாத கட்டியில் பிழைகள் குவிகின்றன. குவியக் குவிய உடம்பின் காவல் செல்களுக்கு அந்தக் கட்டி அந்நியமாகத் தெரிகிறது. பெருங்குடல், மலக்குடல் புற்றில் ஏறத்தாழ 15 விழுக்காடு இப்படித் திருத்தும் புரதம் ஏதோ ஒன்று இல்லாதது. இரண்டாம் நிலையில் இருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு குறைவு. பரவிய பிறகு என்றால், காவல் செல்களின் தடையை நீக்கும் பெம்ப்ரோலிசுமாப் மாதிரி மருந்துகள் பலருக்குக் கேட்கின்றன.

ஆக ஒரே சோதனை இரண்டு சேதி சொல்கிறது. நோய் எப்படிப் போகும் என்பது ஒன்று, எந்த மருந்து கேட்கும் என்பது மற்றொன்று. மருத்துவர்கள் இவற்றுக்குத் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். நாம் இரண்டையும் ‘முன்கணிப்பு’ என்று எழுதுகிறோம். மழைக்கும் தேர்தலுக்கும் அதே சொல்தான். நோயாளி வீட்டில் அதைப் படித்தால் நாள் குறித்துவிட்டார்கள் என்றே நினைப்பார்கள்.

நோய் எப்படிப் போகும் என்று காட்டுவதற்குத் தானேயிலிருந்து தம்பி ‘போக்குக்காட்டி’ என்றார். வழிகாட்டி, நிறங்காட்டி வரிசையில் இலக்கணம் சரி. ஆனால் போக்குக் காட்டுவது என்றால் நம் ஊரில் ஏய்ப்பது. மருந்து கேட்பதைக் காட்டுவதற்கு வந்த ‘கேட்குறி’யை வாய்விட்டுச் சொன்னால் கேள்விக்குறியில் போய் நிற்கிறது. ‘குறிப்பான்’ பாடநூலில் இருக்கிறது, சரி. அந்த அக்காவுக்கு அது யாரோ ஓர் ஆள்.

என் கோரிக்கை: நோய்ப்போக்குக் குறி, மருந்துகேட்புக் குறி. ‘வெளிப்பாடு இழப்பு’ என்பதற்குப் பதில் ‘இந்தப் புரதம் கட்டியில் தென்படவில்லை’.

(செம்பூர், புதன் காலை)

தம்பி, ‘குறி’ வேண்டாம். சித்த மருத்துவத்தில் குறிகுணம் என்றால் நோயாளியிடம் தெரியும் அடையாளம். கண்ணாடிச் சில்லில் சாயம் ஏற்றிப் பார்ப்பதற்கும் அதே சொல்லா? பிறகு கையேட்டு வரைவில், கட்டிக்குள் இருக்கும் காவல் செல்களைப் பார்க்கும் சோதனைக்கு ‘நோயெதிர்ப்புக் குறி’ என்று எழுதியிருக்கிறீர்கள். நோயை எதிர்க்கும் குறியா, எதிர்ப்பைக் காட்டும் குறியா?

நோயெதிர்ப்புக்கு ஏமம் என்ற சொல்லை எடுங்கள்; காவல் என்று பொருள். ‘இனமென்னும் ஏமப் புணையைச் சுடும்’ என்பது 306-ஆம் குறள். சினம் சுடுவது தன்னைக் காக்கும் புணையை, அதாவது தெப்பத்தை. உடம்பில் அந்தப் புணை இந்தக் காவல் செல்கள். ஏமம், ஏமாப்பு, ஏமாற்றம் என்று ஒரு தொடர் இருக்கிறது. ஏமாப்பு காவல் என்றால் ஏமாற்றம் அந்தக் காவல் மாறிப்போனது என்பது என் எண்ணம். இதைத் தனி மடலில் விரித்து எழுதுகிறேன்.

(நேருல், புதன் மாலை)

ஐயா, ஏமம் எனக்கும் பிடிக்கும். ஆனால் ஆய்வகத்தில் நான் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். நீலச் செல்களுக்கு நடுவே மிளகு தூவியது போலப் பழுப்புப் புள்ளிகள். சி.டி.3, சி.டி.8 என்ற புரதங்களைத் தாங்கிய டி செல்கள் அவை, காவல் செல்களில் ஒரு வகை. கட்டியின் நடுவிலும் ஓரத்திலும் அவற்றின் அடர்த்தியை அளந்து நோய்ப்போக்கைச் சொல்லலாம் என்று பிரான்சு ஆய்வாளர் ஜெரோம் காலோனின் குழு 2006-இல் எழுதியது. 2018-இல் 2681 நோயாளிகளிடம் சரிபார்த்த முடிவு லான்செட் மருத்துவ இதழில் வந்தது: அடர்த்தி கூடினால் நோய் திரும்புவது குறைவு. கட்டி எவ்வளவு பரவியது என்று மட்டும் பார்த்த இடத்தில், உடம்பு எவ்வளவு எதிர்த்தது என்றும் பார்க்கிறார்கள். அந்த எதிர்ப்பு சொல்லில் நேராகத் தெரிய வேண்டும். ஏமம் என்றால் அகராதி தேட வேண்டியிருக்கும். என் வாக்கு ‘எதிர்ப்புச் செல் அடையாளம்’.

‘அடையாளம்’ என்றால் ஐயாவின் குறிகுணச் சிக்கலும் போகும். ‘மருந்துகேட்பு’ மட்டும் இடிக்கிறது. கேட்பு என்றால் அலுவலகத்தில் கோரிக்கை மனு. மருந்து கேட்டு மனுப் போட்டார் என்று படித்துவிடுவார்கள்.

(மாட்டுங்கா, வியாழன் இரவு)

எட்டுப் பேர் எழுதினார்கள். ஐந்து பேர் ‘அடையாளம்’, இரண்டு பேர் ‘குறிப்பான்’, ஐயா ஏமம். ‘நோய்ப்போக்கு அடையாளம்’ என்றே போட்டுவிட்டேன். இன்னொன்றுக்குச் சொல் அமையவில்லை. ‘எந்த மருந்து கேட்கும் என்று காட்டும் அடையாளம்’ என்று நீட்டி எழுதிவிட்டேன். நேருல் அக்கா, சரிதானே?

ஐயா, உங்கள் மறுப்பைப் பதிவில் வைத்திருக்கிறேன். ஏமாற்றம் பற்றிய மடலை அனுப்புங்கள். ‘ஏமாறு’ என்ற வினைக்குப் பழைய ஆட்சி எங்கே வருகிறது என்று நானும் தேடிப் பார்க்கிறேன்.