ஒரே ரிடிம், மேலே பத்துக் குரல்: சவுண்ட் சிஸ்டம் கேட்ட அனுபவங்கள் (மூன்று பேர் சொன்னவை)

ஜமைக்காவின் கிங்ஸ்டனுக்கு வேலையாகப் போயிருந்தபோது, கூட வேலை பார்த்தவர் ஒரு புதன்கிழமை ராத்திரி ஹாஃப் வே ட்ரீ பக்கம் கூட்டிக்கொண்டு போனார். ஸ்டோன் லவ் தன் சொந்த இடத்திலேயே நடத்தும் வெடி வெடி வெட்னஸ்டேஸ் டான்ஸ். வீ பௌ என்கிற வின்ஸ்டன் பவல் 1972-இல் தொடங்கிய சவுண்ட் சிஸ்டம்தான் ஸ்டோன் லவ்; அதாவது ஸ்பீக்கர்களை அடுக்கி, பாட்டுப் போட்டு ஆட வைக்கும் குழு. பத்து மணிக்கு ஸ்பீக்கர் அடுக்கும் கோழி சுடும் புகையும் மட்டும்தான். கூட்டம் நள்ளிரவுக்கு அப்புறம்தான் வந்தது.

பாட்டுகளைத் தேர்ந்து போடும் செலக்டர், தீவாளி ரிடிமை எடுத்தார். ரிடிம் என்றால் பல பாடகர்கள் தங்கள் பாட்டை மேலே பாடும் பின்னணி இசை. ஆமாம், நம் தீபாவளியின் பெயர்தான். லென்கி மார்ஸ்டன் அமைத்த இசை, கைதட்டல்தான் அதன் அடையாளம். ஷான் பாலின் 'கெட் பிஸி', வெய்ன் வொண்டரின் 'நோ லெட்டிங் கோ' இரண்டுக்கும் அடியில் இருப்பது இதே ரிடிம்தான். பாடும் மெட்டும் குரலும் வேறு. 2003-இல் இரண்டும் உலகமெங்கும் ஓடின. அன்றைக்கு அவர் எந்தப் பாட்டிலும் நிற்கவில்லை. கைதட்டல் விடாமல் போய்க்கொண்டிருக்க, மேலே பாடகர்கள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தார்கள். இதை ஜக்ளிங் என்கிறார்கள். ஏதாவது ஒரு பாட்டுக்குக் கூச்சல் பலமாக எழுந்தால் உடனே 'புல் அப்!', அதை நிறுத்தி முதலிலிருந்து போடுவார். சில பாட்டுகள் இரண்டு வரியைத் தாண்டவே இல்லை. அங்கே அப்படி நிறுத்தித் திரும்பப் போடுவதுதான் பாட்டுக்கு மரியாதை.

* * *

எனக்கு லண்டன். ஆகஸ்ட் கடைசியில் நடக்கும் நாட்டிங் ஹில் கார்னிவலில் சேனல் ஒன் என்கிற சவுண்ட் சிஸ்டத்தைக் கேட்டேன். ஆட்டத்துக்கான டான்ஸ்ஹால் இசையைவிட, ரெகேயின் பழைய பாணிகளான ரூட்ஸும் டப்பும்தான் அவர்கள் வழி. ஒரே ஒரு டர்ன்டேபிள். ஒரு இசைத்தட்டு முடிந்து அடுத்ததை வைக்கும்வரை மைக்கில் பேச்சுதான் ஓடும். பேஸ் இறங்கியதும் சட்டை படபடக்கிறது, நெஞ்சுக்கூடு அதிர்கிறது. ஹெட்போனில் கேட்டுவிட்டு 'ரெகே ரொம்ப மந்தம்' என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. போகிறவர்கள் காதில் வைக்க இயர்பிளக் எடுத்துப் போங்கள்.

* * *

நான் டான்ஸ் எதற்கும் போனதில்லை. ஆனால் பழைய சாமான் கடையில் கேசியோ எம்டி-40 கீபோர்டு ஒன்று கிடைத்தது. 1985-இல் வெய்ன் ஸ்மித் பாடி, தயாரிப்பாளர் கிங் ஜாமி வெளியிட்ட 'அண்டர் மி ஸ்லெங் டெங்' இதற்குள்ளிருந்துதான் பிறந்தது. ராக் தாளத்தை வைத்து பேஸை அமுக்கினால் ஏதோ அவசரமாக ஓடியது. வேகத்தைக் குறைத்தேன், வந்துவிட்டது ஸ்லெங் டெங்! ஜாமியும் அப்படித்தான் வேகத்தைக் குறைத்தார். அதற்கப்புறம் ஜமைக்கா முழுக்க டிஜிட்டல் ரிடிம்தான். ஸ்டுடியோவில் டிரம்ஸும் பேஸும் வாசித்துப் பிழைத்தவர்களுக்கு வேலை குறைந்தது. அந்த வரலாற்றில் எனக்குக் கொஞ்சம் உறுத்தும் பகுதி அது.

அந்தத் தாளத்தை அமைத்தவர் ஒகுடா ஹிரோகோ. அதை அமைத்தபோது கேசியோவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஜப்பானியப் பெண். படிக்கும்போது ஆய்வுக்கட்டுரையை ரெகே பற்றித்தான் எழுதியிருக்கிறார். பொத்தானில் ராக் என்று போட்டிருந்தாலும் கைக்குள் ரெகே இருந்திருக்கிறது, பாருங்கள்.

கீபோர்டை விற்பீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள்.