பைரைட் மேல் போட்ட தானாக ஆறும் பூச்சு நாலாவது வாரத்தில் கைவிடுகிறது, எங்கே தப்பு?

கேள்வி:
சுரங்கக் கழிவிலிருந்து அமில நீர் கசிவதைத் தடுக்க, பைரைட் (இரும்பு சல்பைடு கனிமம்) துகள்களுக்குத் தானாக ஆறும் பூச்சு போட்டுப் பார்க்கிறேன். பூச்சு என்பது மெர்காப்டோ சைலேன் (கல்லில் ஒட்டிப் படலமாகும் சிலிக்கன் சேர்மம்), அதில் கலந்த ஹாலோய்சைட் (களிமண் கனிமம்) நானோகுழாய், குழாய்க்குள் 8-ஹைட்ராக்சிகுவினோலின்; விரிசல் விழுந்தால் கசிந்து, இரும்போடு சேர்ந்து அதை அடைக்க வேண்டிய மருந்து இதுதான். மூன்று நாள் உலர் காற்று, மூன்று நாள் ஈரக் காற்று, ஏழாம் நாள் நீர் விட்டுக் கழுவுவது என்று வாராவாரம் ஓடுகிறது. மூன்று வாரம் கழுவிய நீரின் பிஎச் 6-ஐ ஒட்டியே நின்றது, நாலாவது வாரம் 4.1, அடுத்த வாரம் 3.2! பூசாத துகள் முதல் வாரமே 3-க்கு இறங்கிவிட்டது, அதனால் பூச்சு சுத்தமாக வேலை செய்யவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. நுண்ணோக்கியில் துகள் விளிம்புகளில் மயிரிழை விரிசல் தெரிகிறது. அது ஏன் அடைபடவில்லை?

பதில் 1:
பூசும் முன் கழுவினீர்களா? பொடித்த பைரைட் சில நாள் சும்மா கிடந்தாலே மேலே இரும்பு சல்பேட் உப்பு படிந்துவிடும், சைலேன் அந்த உப்பைத்தான் பிடிக்கும், கல்லைப் பிடிக்காது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், அப்புறம் எத்தனால், வெற்றிடத்தில் உலர்த்தி உடனே பூச வேண்டும்.

கேட்டவர்:
எல்லாம் அன்றே செய்தேன். சொல்ல மறந்த ஒன்று, முதல் வாரம் கழுவிய நீர் லேசான கரும்பச்சை, வடிதாளிலும் கறை. ஃபெரஸ் (குறைவாக ஆக்சிஜனேறிய) இரும்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பதில் 2:
அதுதான் விஷயம். ஃபெரஸ் இரும்பு வெளிர் பச்சை, இவ்வளவு நீர்த்த நிலையில் கண்ணுக்கே தெரியாது. கரும்பச்சை என்றால் உங்கள் குவினோலின் ஃபெரிக் (கூடுதலாக ஆக்சிஜனேறிய) இரும்போடு சேர்ந்து வெளியே வருகிறது, அதாவது காயம் வரும் முன்பே மருந்து ஓடிவிட்டது. ஹாலோய்சைட் இரு முனையும் திறந்த குழாய், உள்ளே அடைத்தது நீர் பட்டால் தானாகக் கசியும். பூச்சு இல்லாமல் குழாய்களை மட்டும் நீரில் போட்டு, எவ்வளவு குவினோலின் வெளியே வருகிறது என்று நீரின் புற ஊதா உறிஞ்சலை மணிக்கணக்கில் அளந்து பாருங்கள். குழாயின் வெளிப்புறம் எதிர்மின்னூட்டம் கொண்டது, அதனால் முதலில் நேர்மின்னூட்டமுள்ள பாலிமரான பாலிஎத்திலீன்இமைன், அதன் மேல் எதிர்மின்னூட்டமுள்ள பாலிஅக்ரிலிக் அமிலம் என்று மாற்றி மாற்றிப் போர்த்துங்கள். பிஎச் இறங்கும்போதுதான் அந்தப் போர்வை தளர வேண்டும்.

பதில் 3:
விரிசலுக்கும் காரணம் தேடுங்கள். சைலேன் கெட்டியாகப் போட்டால் உலர்நாளில் சுருங்கி வெடிக்கும், அதுவும் கூர்மையான விளிம்பில். ஒரு முறை பிஎச் 3.5-க்குக் கீழே போய்விட்டால் ஃபெரிக் இரும்பு கரைந்தே நின்று, ஆக்சிஜனைவிட வேகமாக பைரைட்டை அரிக்கும். செலவான ஃபெரிக்கை நுண்ணுயிர்கள் திரும்பத் திரும்ப உண்டாக்கிக் கொடுக்கும். அதற்குப் பிறகு எந்த மருந்தும் ஈடு கொடுக்காது, ஆறுவது அதற்கு முன்பே நடந்தாக வேண்டும்.

கேட்டவர்:
குழாய்களைத் தனியாகச் சோதித்தேன். இரண்டே நாளில் பாதி குவினோலின் வெளியே! முனைகளைப் போர்த்தி, சைலேனையும் மெல்லியதாக்கிப் புதுத் தொகுதி ஓட்டியதில் ஆறாவது வாரமும் பிஎச் 5.7, நீரில் நிறமில்லை, ஒன்றிரண்டு விரிசல்களுக்குள் மட்டும், குவினோலின் இரும்போடு சேர்ந்து அடைத்தது போல, கறுப்புக் கோடு. இரண்டையும் சேர்த்து மாற்றியது என் அவசரம், எது காப்பாற்றியது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இப்போது தனித்தனியாக இரண்டு தொகுதி ஓடுகிறது.