மறுவீச்சா, மாற்றுருட்டா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பகடையில் குறிப்பிட்ட சில எண்கள் விழுந்தால் அவற்றைத் தள்ளிவிட்டு மீண்டும் உருட்டும் விதிக்கு இதுவரை நான் ‘மறுவீச்சு’ என்று எழுதிவந்தேன். அச்சொல்லை இனிக் கைவிட விரும்புகிறேன். அதற்கான காரணம் எனக்கு அகராதியிலிருந்து கிடைக்கவில்லை. திருமங்கலத்தில் மாணவர் சிலருக்கு நிகழ்தகவு சொல்லிக்கொடுத்த ஒரு மாலையில் கிடைத்தது. ‘ஒன்று விழுந்தால் மறுவீச்சு உண்டு’ என்று பலகையில் எழுதிக் கணக்கைக் கொடுத்தேன். முன்வரிசையில் இருந்த மாணவி, முதலில் ஒன்றும் அடுத்து நான்கும் விழுந்ததாக வைத்துக்கொண்டு, விடை ஐந்து என எழுதியிருந்தாள். நான் அதை நான்கு என்று திருத்தப் போனேன். “தாயம் விழுந்தா மறுபடி போடுவோம்ல சார், ஆனா விழுந்த தாயத்தை அழிக்க மாட்டோமே?” என்றாள். பிழை என் சொல்லில்தான் இருந்தது.

மதுரைப் பக்கத்து வீடுகளில் உருளும் பித்தளைத் தாயக்கட்டையை நினைத்துப் பாருங்கள். நீண்ட கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் மூன்று பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று எனப் புள்ளிகள் குத்தியிருக்கும், நான்காம் பக்கம் வெறுமையாக இருக்கும். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்து உருட்டிவிட்டால் 16 வகைகளில் ஒன்று விழும்; அவற்றில் தாயம் (அதாவது ஒன்று) 2 வகை, ஐந்து 2 வகை, ஆறு 1 வகை, பன்னிரண்டு 1 வகை என 6 வகைகள் மீண்டும் உருட்டும் உரிமையைத் தருகின்றன. அதாவது அந்த உரிமைக்கான நிகழ்தகவு 3/8. ஓர் உருட்டின் சராசரி 60/16, அதாவது 3.75, உரிமை தொடரும்வரை உருட்டினால் ஒரு முறைக்குச் சராசரியாக 1.6 உருட்டுகள் வரும். இரண்டையும் பெருக்கினால் சரியாக 6. (வீட்டுக்கு வீடு விதி மாறும்; தொடர்ச்சிக்கு வரம்பு வைக்காத ஆட்டத்திற்கே இக்கணக்கு.) இங்கே பழைய எண் அப்படியே நிற்க, புதியது அதன்மேல் கூடுகிறது என்பதே நாம் பார்க்க வேண்டியது.

ஆறுமுகப் பகடையில், ஒன்று விழுந்தால் மீண்டும் உருட்டலாம் என்னும் ஒரே வாக்கியத்தை மூன்று விதமாகப் படிக்க இடமுண்டு. விழுந்த ஒன்றைத் தள்ளிவிட்டு ஒருமுறை மட்டும் உருட்டி, வந்ததை ஏற்றுக்கொண்டால், ஒன்றின் நிகழ்தகவு 1/36 ஆகச் சுருங்கி மற்ற ஐந்தும் 7/36 ஆக உயர, சராசரி 3.5-இலிருந்து ஏறத்தாழ 3.92 ஆகிறது. ஒன்று நீங்கும்வரை விடாமல் உருட்டினால் ஐந்து எண்களும் ஆளுக்கு 1/5 பெறுவதால் சராசரி 4. தாயத்தைப் போல ஒன்றையும் கணக்கில் வைத்து, அது விழும்போதெல்லாம் மேலும் உருட்டிக் கூட்டினால் 4.2. ஒரே சொல் இந்த மூன்றையும் சுமக்க முடியாது.

நண்பர் ஒருவர் முன்வைத்த ‘மீள்வீச்சு’ இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் புள்ளியியலில் பெரும மதிப்புக்கும் சிறும மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டையும், இயற்பியலில் அலையின் பெரும இடப்பெயர்ச்சியையும் ‘வீச்சு’ என்றே படிக்கும் பிள்ளைக்கு, அதே பக்கத்தில் பகடையையும் வீச்சு என்று காட்டுவது நியாயமாகாது. பாடநூலிலும் பகடை உருட்டப்படுகிறது, நாணயம்தான் சுண்டப்படுகிறது. எனவே ‘உருட்டு’ என்பதையே அடியாகக் கொள்வோம். பழைய எண்ணின் இடத்தில் புதியது அமர்ந்தால் ‘மாற்றுருட்டு’. பழையதன்மேல் கூடினால் ‘மேலுருட்டு’. மேல்வரும்படி என்று சொல்லும் நமக்கு இரண்டாவதன் பொருளை விளக்கத் தேவையில்லை. மாற்றுருட்டில் ‘ஒருமுறை மாற்றுருட்டு’, ‘விடா மாற்றுருட்டு’ என இரு வகைகள். தள்ளப்படும் எண்களைத் ‘தள்ளெண்கள்’ எனலாம்.

இவ்வளவும் கிடைத்தால் ஒருமுறை மாற்றுருட்டின் விதியைச் சிக்கலின்றி எழுதலாம்: தள்ளெண்களின் மொத்த நிகழ்தகவை எடுத்துக்கொள்க, தள்ளெண் ஒவ்வொன்றின் நிகழ்தகவையும் அதனால் பெருக்குக, ஏனைய எண்களின் நிகழ்தகவை, அம்மொத்தத்துடன் ஒன்றைக் கூட்டி வருவதால் பெருக்குக. விடா மாற்றுருட்டில் தள்ளெண்களுக்குச் சுழியம். ஏனையவற்றை, ஒன்றிலிருந்து அம்மொத்தத்தைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும்.

‘உருட்டு’ என்றால் இன்றைய இளைஞர் பேச்சில் கதை விடுவது என்று பொருள், வகுப்பே சிரிக்கும் என்று எச்சரித்த நண்பருக்கு ஒரு வார்த்தை: சிரிக்கட்டும். சிரித்த சொல்லைப் பிள்ளைகள் மறப்பதில்லை. அதோடு, அவர்கள் வீட்டுத் தாயத்தில் அந்தச் சொல் ஏற்கெனவே உருண்டுகொண்டுதான் இருக்கிறது. எனக்கு உறுத்தல் ‘விடா’ என்னும் அடைமொழியில்தான்; ‘விடா மழை’ போல அது இயல்பாக ஒலிக்கிறதா, அல்லது ‘நீங்கும்வரை மாற்றுருட்டு’ என்று நீட்டி எழுதுவதே தெளிவா என்பதை உங்களில் வகுப்பெடுப்பவர்கள் சொல்ல வேண்டும். திருமங்கலத்துக் குறிப்பில் இப்போதைக்கு ‘விடா’ என்றே திருத்தியிருக்கிறேன்.