பூட்டு உடையாமல் களவு போன சரக்குக்கு இழப்பீடு கிடைக்குமா?

கேள்வி:
எங்கள் நிறுவனத்தின் கிடங்கிலிருந்து இரவோடு இரவாகச் சரக்கு களவு போய்விட்டது. ஷட்டரின் பூட்டு உடையவில்லை. காவல் நிலையத்தில் திருட்டு என்றே முதல் தகவல் அறிக்கை பதிவாகியும், ‘பலவந்தமாக நுழைந்ததற்குத் தடயம் இல்லை’ என்று காப்பீட்டு நிறுவனம் கிளைமை நிராகரித்துவிட்டது. திருட்டைத் திருட்டு என்று சட்டமே சொல்லும்போது பாலிசி மட்டும் எப்படி மறுக்கலாம்?

முதல் பதில்:
மறுக்கலாம் என்பதுதான் கசப்பான விடை. யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் எதிர் ஹர்சந்த் ராய் சந்தன் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-இல், குற்றவியல் சட்டம் திருட்டுக்குத் தரும் பொருளை விட்டுவிட்டு, பாலிசியில் எழுதியுள்ள வரையறையையே பார்க்க வேண்டும் என்றும், அதில் பலவந்தம் நிபந்தனையாக இருந்தால் பலவந்தம் நிகழ்ந்திருக்க வேண்டும் என்றும் தீர்த்தது. சாதாரண மனிதருக்குப் புரியாத அளவுக்குக் கடுமையான அந்த வரையறையைத் திருத்துங்கள் என்று காப்பீட்டு நிறுவனங்களுக்கு அதே தீர்ப்பில் அறிவுரையும் சொன்னது. அந்த அறிவுரை இழப்பீடு கேட்டு வழக்காடியவருக்கு உதவவில்லை என்பது வேறு விஷயம்.

இரண்டாம் பதில்:
2022-இல் வந்த டெக்ஸ்கோ மார்க்கெட்டிங் தீர்ப்பை நம்பி இறங்கிவிடாதீர்கள். பலர் அப்படித்தான் குழப்பிக்கொள்கிறார்கள். அங்கே கடை அடித்தளத்தில் (தரைக்குக் கீழுள்ள தளத்தில்) இருப்பது தெரிந்தே பிரீமியம் வாங்கிய நிறுவனம், தீப்பிடித்த பிறகு ‘அடித்தளத்துக்குக் காப்பீடு இல்லை’ என்ற விலக்கு விதியைக் காட்டியதால் தோற்றது. விலக்கு விதி பொருந்துகிறது என்று நிரூபிப்பது காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு. ஆனால், உங்கள் இழப்பு பாலிசியின் வரையறைக்குள் வருகிறது என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. பூட்டு உடையவில்லை, சரி; வேறு எதுவுமே சேதமாகவில்லையா?

கேள்வி கேட்டவர்:
இழப்பை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயர் எடுத்த படங்களை இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். ஷட்டரின் உட்புறத் தாழ்க்கம்பி வளைந்து, அது செருகும் தகட்டின் ஒரு திருகு பிடுங்கிக்கொண்டு நிற்கிறது. அவருடைய அறிக்கையிலோ ‘எந்தச் சேதமும் இல்லை’ என்று இருக்கிறது.

இரண்டாம் பதிலாளர்:
அப்படியானால் பலவந்தத்துக்கான தடயம் அதுவே; உங்கள் வழக்கு அந்தத் திருகில்தான் இருக்கிறது. சர்வேயர் அறிக்கை முக்கியமானதே தவிர, அதுவே முடிந்த முடிவல்ல என்று நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் பிரதீப் குமார் வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தகட்டைக் கழற்றவோ பழுதுபார்க்கவோ வேண்டாம். படத்தைக் குறிப்பிட்டு, மறு ஆய்வு கேட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் இன்றே அனுப்புங்கள்.