சிர் தாரியா ஆற்றில் 1998 உடன்பாடு ஏன் நிலைக்கவில்லை?

கேள்வி – வறள்நிலம்

அனைவருக்கும் வணக்கம். நடு ஆசியாவில் ஆற்று நீரைக் கசகஸ்தான், கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான், துர்க்மெனிஸ்தான் என்ற ஐந்து நாடுகள் எப்படிப் பகிர்ந்து கொள்கின்றன என்பதைச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். சோவியத் ஒன்றியம் கலைந்து இரண்டு மாதங்கள் ஆவதற்குள், 1992 பிப்ரவரி 18 அன்று, அல்மாத்தியில் ஐந்து நாடுகளும் கூடி நீர் ஒருங்கிணைப்புக்கான கூட்டு ஆணையத்தை அமைத்தன. சோவியத் காலப் பங்கீட்டையே தொடர்வது என்று அப்போது ஏற்றுக்கொண்டன. அடுத்த ஆண்டில், இந்த ஆறுகள் சென்று சேரும், வற்றிவரும் ஆரல் கடலைக் காப்பதற்கான பன்னாட்டு நிதியமும் உருவானது. நாடுகள் புதிதாகப் பிறந்த நேரத்தில் தண்ணீருக்காகச் சண்டையிடாமல் உட்கார்ந்து பேசியதே பெரிய செயல் என்று நான் கருதுகிறேன்.

ஆனால் சிர் தாரியா ஆற்றுக்கென்று 1998 மார்ச்சில் பிஷ்கெக்கில் கையெழுத்தான நீர்–மின்சார உடன்பாடு சில ஆண்டுகளிலேயே நடைமுறையில் செயலிழந்துவிட்டது. மேலே இருக்கும் கிர்கிஸ்தான் கோடையில் தண்ணீர் திறக்க வேண்டும், அப்போது உற்பத்தியாகும் உபரி மின்சாரத்தைக் கீழே உள்ள கசகஸ்தானும் உஸ்பெகிஸ்தானும் வாங்கிக்கொண்டு, குளிர்காலத்துக்கு நிலக்கரியும் எரிவாயுவும் எண்ணெயும் தர வேண்டும் என்பதே அதன் சாரம். படிக்கும்போது எல்லாருக்கும் நன்மை தரும் ஏற்பாடாகவே தெரிகிறது. நல்லெண்ணம் இல்லாததால் அது தோற்றதா, அல்லது உடன்பாட்டின் அமைப்பிலேயே குறை இருந்ததா? அந்தப் பகுதியில் நிலைத்து நின்ற ஒத்துழைப்பு ஏதேனும் உண்டா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1 – மதகடி

குறை அமைப்பிலேயே இருந்தது என்பதே என் உறுதியான கருத்து. அதைப் புரிந்துகொள்ள முதலில் தொக்தொகுல் நீர்த்தேக்கத்தைப் பார்க்க வேண்டும். கிர்கிஸ்தானில், சிர் தாரியாவின் மேல்பகுதியான நாரின் ஆற்றின் குறுக்கே 1970-களில் கட்டப்பட்ட இதன் மொத்தக் கொள்ளளவு 1,950 கோடி கன மீட்டர். அதில் பயன்படுத்தக்கூடியது சுமார் 1,400 கோடி கன மீட்டர், அதாவது நமக்குப் பழகிய அளவில் 490 டி.எம்.சி.க்கும் சற்று அதிகம். சிர் தாரியா படுகையில் ஓர் ஆண்டின் நீரை இன்னோர் ஆண்டுக்குச் சேமித்து வைக்கும் அளவுக்குப் பெரியது இது ஒன்றுதான்.

சோவியத் காலத்தில் இந்த அணை ஃபெர்கானா பள்ளத்தாக்கிலும் அதற்குக் கீழேயும் விளைந்த பருத்திக்காகவே இயக்கப்பட்டது. ஆண்டுத் திறப்பில் சுமார் நான்கில் மூன்று பங்கு கோடையில் திறக்கப்பட்டது. குளிர்காலத்தில் கிர்கிஸ் மக்களுக்குத் தேவையான எரிபொருள் மற்றக் குடியரசுகளிலிருந்து மாஸ்கோவின் ஆணைப்படி வந்து சேர்ந்தது. 1991-க்குப் பிறகு எரிபொருளுக்கு விலை கேட்கப்பட்டது, தண்ணீரோ இலவசமாகவே எதிர்பார்க்கப்பட்டது. வாங்கப் பணமில்லாத கிர்கிஸ்தான், பனிக்காலத்தில் வீடுகளைச் சூடாக்குவதற்காக அணையைத் திறந்து மின்சாரம் எடுத்தது. இதனால் ஆண்டுத் திறப்பில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு குளிர்காலத்துக்கு மாறிவிட்டது. கீழே பயிர் கேட்கும் மாதத்தில் தண்ணீர் குறைந்தது, எவரும் கேட்காத மாதத்தில் பெருகி வந்தது. குளிர்காலத்தில் சிர் தாரியாவின் கீழ்ப்பகுதி உறைந்துவிடுவதால் ஆற்றுப் பாதையால் அந்த நீரைச் சுமக்க முடியாது. ஆகவே கசகஸ்தானில் உள்ள சார்தாரா நீர்த்தேக்கம் நிரம்பி, மிகுதி நீர் அர்னசாய் பள்ளத்தில் திருப்பிவிடப்பட்டு, ஆரல் கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் பாலைநிலத்தில் ஏரியாகத் தேங்கியது. தன் கீழ்க்கரை ஊர்களை வெள்ளத்திலிருந்து காக்கக் கசகஸ்தான் பின்னர் கோக்சராய் என்ற இடத்தில் சுமார் 300 கோடி கன மீட்டர் கொள்ளும் தனி நீர்த்தேக்கத்தையே கட்ட வேண்டி வந்தது.

1998 உடன்பாடு இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் வந்தது. ஆனால் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மின்சாரம், எவ்வளவு நிலக்கரி என்பதை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பேசி முடிவு செய்யும்படி அது அமைந்திருந்தது. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் கீழ்நாடுகளுக்கு அணைநீர் அவ்வளவாகத் தேவைப்படவில்லை, எனவே மின்சாரத்தைக் குறைவாக வாங்கி எரிபொருளையும் குறைவாகத் தந்தன. குளிரோ மழையைப் பார்த்துக் குறைவதில்லை, ஆகவே கிர்கிஸ்தான் குளிர்காலத்தில் அணையைத் திறந்தது. அடுத்து வறட்சி ஆண்டு வந்தபோது, அதற்கென்று சேர்த்து வைத்திருக்க வேண்டிய நீர் அணையில் இல்லை. பல ஆண்டுகளுக்கு நீரைச் சேமித்துத் தருவதுதான் அந்த அணை கீழ்நாடுகளுக்குச் செய்யும் உண்மையான பணி. அந்தப் பணிக்கு உடன்பாட்டில் நிலையான விலை வைக்கப்படவில்லை. திறந்துவிட்ட தண்ணீரோடு வந்த மின்சாரத்துக்கு மட்டுமே விலை இருந்தது. 2009-ல் உஸ்பெகிஸ்தான் பொது மின்தொகுப்பிலிருந்து விலகியபோது, பண்டமாற்றுக்கு அடிப்படையாக இருந்த மின்தடமே அறுந்துபோனது.

மறுமொழி 2 – தலாஸ்கரை

மதகடி அவர்களின் விளக்கத்தை ஏற்றுக்கொண்டு, கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு மட்டும் விடை சொல்கிறேன். நிலைத்து நின்ற ஒத்துழைப்பு உண்டு. அது சூ, தலாஸ் என்ற இரு சிறிய ஆறுகளில் இருக்கிறது. இரண்டும் கிர்கிஸ்தானில் பிறந்து கசகஸ்தானின் வறண்ட சமவெளியில் முடிகின்றன. தலாஸ் ஆற்றின் கீரோவ் நீர்த்தேக்கமும் சூ ஆற்றின் ஒர்தோ-தொகோய் நீர்த்தேக்கமும் கிர்கிஸ் மண்ணில் இருக்கின்றன, அவற்றின் நீரை இரு நாட்டு உழவர்களும் பயன்படுத்துகிறார்கள்.

2000 ஜனவரியில் கையெழுத்தான உடன்பாட்டின்படி, இந்த அணைகளையும் மதகுகளையும் பராமரிக்கும் செலவில் தான் பெறும் நீரின் விகிதத்துக்கு ஏற்ற பங்கைக் கசகஸ்தான் ஏற்கிறது. தண்ணீருக்கு விலை கொடுப்பதாக அது எங்கும் சொல்வதில்லை என்பதால் கீழ்நாட்டின் கொள்கை நிலைப்பாட்டுக்குப் பங்கம் வரவில்லை, மேல்நாட்டுக்கும் அணையைப் பழுதுபார்க்கப் பணம் கிடைக்கிறது. 2001-ல் கிர்கிஸ்தான் அண்டை நாடுகள் தண்ணீருக்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற நோக்கில் சட்டம் இயற்றியபோது கீழ்நாடுகள் அதை ஏற்க மறுத்ததை நினைத்துப் பார்த்தால், இந்த வேறுபாட்டின் பெறுமதி விளங்கும். 2006-ல் இதற்கென இரு நாட்டு ஆணையமும் செயலகமும் அமைந்தன. செய்தித்தாள்கள் பொருட்படுத்தாத மதகுப் பழுது, அளவுமானி, கால்வாய்ப் பூச்சு போன்றவற்றைத்தான் அவர்கள் பேசுகிறார்கள், அந்தப் பேச்சும் தொடர்ந்து நடக்கிறது.

மறுமொழி 3 – கடைமடை

சூ–தலாஸ் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் அதை முன்மாதிரியாக அப்படியே நீட்டிப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அங்கே நாடுகள் இரண்டுதான், கோடை நீருக்கும் குளிர்கால மின்சாரத்துக்கும் இடையே தொக்தொகுலில் உள்ள அளவுக்கு மோதல் அந்த அணைகளில் இல்லை. கடினமான முடிச்சு இல்லாத இடத்தில் கயிறு நேராக இருப்பதைக் கொண்டு முடிச்சவிழ்க்கும் வழியைக் கற்றுக்கொள்ள முடியாது.

நடு ஆசியாவின் இன்னொரு பெரிய ஆறான அமு தாரியாவைப் பாருங்கள். 1996-ல் துர்க்மெனிஸ்தானும் உஸ்பெகிஸ்தானும் கெர்கி அளவு நிலையத்தில் வரும் நீரைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள ஒப்புக்கொண்டன. ஆனால் அதே ஆற்றின் இடது கரையில் நீண்ட எல்லையைக் கொண்ட ஆப்கானிஸ்தான் 1992 உடன்பாட்டிலும் இல்லை, கூட்டு ஆணையத்திலும் இல்லை. போரினால் அந்த நாடு தன் பங்கை எடுக்காமல் இருந்தவரை இது யாரையும் உறுத்தவில்லை. 2022-ல் அது பால்க் மாகாணத்தில் தொடங்கிய கோஷ் தெபா கால்வாய் சுமார் 285 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்டது. வறுமையில் வாடும் ஒரு நாடு தன் எல்லையில் ஓடும் ஆற்றில் பாசனம் செய்வதை நியாயமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். பேச்சு மேசையில் இடம் தராத ஒருவரிடம் பங்கீட்டை மதிக்கும்படி கேட்பதுதான் நியாயமற்றது. மேல்நாடான கிர்கிஸ்தானும் இதே மனக்குறையால்தான், தன் மின்சாரத் தேவை பேசப்படுவதில்லை என்று சொல்லி, 2016-ல் ஆரல் நிதியத்தில் தன் பங்கேற்பை நிறுத்தி வைத்தது.

வட ஆரல் கடல் ஓரளவு உயிர் பெற்றதையும் குறிப்பிட வேண்டும். அங்கு 2005-ல் கசகஸ்தான் உலக வங்கியின் உதவியுடன் கோக்-ஆரல் என்ற சுமார் 13 கிலோமீட்டர் நீள அணையைக் கட்டியது. நீர்மட்டம் எதிர்பார்த்ததைவிட விரைவில் கடல்மட்டத்துக்கு மேல் 42 மீட்டரை எட்டியது, உப்பு குறைந்தது, நன்னீர் மீன்கள் திரும்பின, மீனவர்களும் திரும்பினார்கள். இது ஐந்து நாடுகளின் முயற்சியால் வந்ததல்ல, ஒரே நாடு தன் எல்லைக்குள் செய்தது. தெற்கே உஸ்பெகிஸ்தான் பக்கத்தில் கடல் இருந்த இடத்தில் உப்புப் புழுதி பறப்பதையும், கரகல்பாக்கிய மக்கள் அதைச் சுவாசிப்பதையும் மறந்துவிட்டு இதை ஒத்துழைப்பின் வெற்றி என்று எழுதும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது.

வறள்நிலம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நாரின் ஆற்றில் திட்டமிடப்பட்டுள்ள கம்பராத்தா-1 அணைக்காகக் கிர்கிஸ்தான், கசகஸ்தான், உஸ்பெகிஸ்தான் ஆகிய மூன்றும் 2023 ஜனவரியில் செயல்திட்டம் ஒன்றில் கையெழுத்திட்டதாகப் படித்தேன். பல ஆண்டுகளாக மேல்நாட்டு அணைகளை எதிர்த்து வந்த உஸ்பெகிஸ்தான் இதில் சேர்ந்தது எப்படி?

மதகடி

2016-ல் அங்கு ஆட்சித் தலைமை மாறிய பிறகு அண்டை நாடுகளுடனான உறவு பொதுவாகவே மேம்பட்டது ஒரு காரணம். இதைவிட முக்கியமான காரணம் ஆற்றின் அமைப்பில் இருக்கிறது. 1,860 மெகாவாட் திறனுக்குத் திட்டமிடப்பட்ட கம்பராத்தா-1 தொக்தொகுலுக்கு மேலே அமைகிறது. அதில் குளிர்காலத்தில் மின்சாரத்துக்காகத் திறக்கப்படும் நீர் நேராகக் கீழே ஓடிவிடாது. தொக்தொகுல் அதைப் பிடித்து வைத்துக் கோடைப் பாசனத்துக்குத் தர முடியும். ஒரே அணையின் மேல் விழுந்த இரண்டு தேவைகளை இரண்டு அணைகள் பங்கிட்டுக்கொள்ளும். கீழ்நாடுகள் பங்குதாரர்களானால் அணையின் கணக்கு முழுவதையும் பார்க்கும் உரிமையும் அவர்களுக்குக் கிடைக்கும்.

ஆனால் தொக்தொகுலின் குளிர்காலத் திறப்புக்கு எழுத்தில் உச்சவரம்பு வைக்கப்பட வேண்டும், அது நல்ல மழை ஆண்டிலும் மாறக் கூடாது. கடைமடை அவர்கள் கேட்கும் அமு தாரியா கேள்விக்கு இந்த அணையால் விடை கிடைக்காது. அதற்கு ஆப்கானிஸ்தானுடன் அளவு நிலையங்களின் தரவைப் பகிர்வதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.